இங்கிலாந்துல வசந்த காலத் தோட்டம் பாக்கணுமா? இடத்தை அப்புறம் பாக்கலாம், முதல்ல பூவைப் பாத்து தேதி குறிங்க

ஏப்ரல் மே மாசத்துல ஊர்லேர்ந்து அம்மா அப்பா வர்றாங்க, எங்க கூட்டிட்டுப் போறதுன்னே தெரியலன்னு கேக்குறவங்களுக்கும், இங்கயே பல வருஷமா இருந்தும் லண்டன் ஐ, டவர் பிரிட்ஜ், ஈஸ்ட் ஹாம் கடைத்தெருன்னு அதையே திரும்பத் திரும்ப சுத்திட்டு இருக்குறவங்களுக்கும் தான் இதை எழுதறேன். இங்கிலாந்துல பாக்க வேண்டியது அரண்மனை இல்லைங்க, தோட்டம். அதுவும் மார்ச் கடைசிலேர்ந்து ஜூன் ஆரம்பம் வரைக்கும் இருக்குற அந்தப் பத்துப் பன்னெண்டு வாரம் தான் இந்த ஊருக்கே உயிர் வர்ற நேரம்.

பொதுவா என்ன பண்ணுவோம்னா, எங்கயோ ஒரு போட்டோ பாத்து, ஆஹா இந்த இடத்துக்குப் போகணும்னு முடிவு பண்ணி, லீவு கிடைக்கிற தேதிக்கு டிக்கெட் போட்டுடுவோம், போய் நின்னா அந்தப் பூ ரெண்டு வாரம் முன்னாடியே முடிஞ்சிருக்கும், இல்லன்னா இன்னும் மொட்டே விட்டிருக்காது. தோட்டத்துக்கு கணக்கு தலைகீழ். இந்த வாரம் எந்தப் பூ பூக்குதுன்னு முதல்ல பாருங்க, அந்தப் பூ எந்தத் தோட்டத்துல நல்லா இருக்கும்னு அடுத்து பாருங்க, டிக்கெட் கடைசி.

எந்த மாசம் எது

பிப்ரவரில ஸ்னோடிராப் வரும், அழகு தான், ஆனா அந்தக் குளிர்ல வயசானவங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க, விட்ருவோம்.

மார்ச்ல கார்ன்வால் பக்கம் மக்னோலியாவும் கமேலியாவும் பூத்துடும், கடல் காத்து அங்க கொஞ்சம் வெதுவெதுப்பு கொடுக்குறதால மத்த இடத்தை விட முன்னாடியே ஆரம்பிச்சுடும். அந்தப் பக்கம் போனா ஹெலிகன் தோட்டத்தைப் பாத்துட்டு வாங்க. முதல் உலகப் போருக்கு அங்க வேலை பாத்த தோட்டக்காரங்கள்ல பல பேர் போய்த் திரும்பவே இல்ல, தோட்டமும் கவனிப்பார் இல்லாம புதர் மண்டிப் போயி, 1990கள்ல தான் மீட்டெடுத்தாங்க. தோட்டக்காரங்க 1914 ஆகஸ்ட்ல ஒரு சுவத்துல பென்சில்ல கையெழுத்து போட்டு வெச்சிருந்தது அப்பத்தான் கிடைச்சுது. ஆனா லண்டன்லேர்ந்து கார்ன்வால் ஒரு நாள்ல போய்ட்டு வர்ற தூரம் இல்ல, ரெண்டு ராத்திரியாவது தங்கணும்.

மார்ச் கடைசிலயும் ஏப்ரல் ஆரம்பத்துலயும் டஃபோடில், அப்புறம் செர்ரி. ஏப்ரல் நடுவுலேர்ந்து மே முதல் வாரம் வரைக்கும் துலிப். ஏப்ரல் கடைசி வாரத்துலேர்ந்து மே நடு வரைக்கும் தான் உச்சம்னு நான் சொல்லுவேன், ஏன்னா காட்டுக்குள்ள புளூபெல், சுவரு பூரா விஸ்டீரியா, தண்ணிக்கரையில அசேலியா, எல்லாம் ஒரே நேரத்துல வருது. வருஷத்துல ஒரே ஒரு வாரம் தான் லீவு போட முடியும்னா மே முதல் வாரத்தைப் போடுங்க, யோசிக்கவே வேண்டாம். மே கடைசில லேபர்னம், ரோடோடெண்ட்ரானோட கடைசிக் கட்டம், அதுக்கப்புறம் ரோஜா ஆரம்பிச்சா வெயில் காலம் வந்துடுச்சுன்னு அர்த்தம்.

இந்த தேதியெல்லாம் தெற்கு இங்கிலாந்துக்கு. வடக்க போகப் போக ஒரு வாரம் ரெண்டு வாரம் தள்ளிப் போகும், ஸ்காட்லாந்துல இன்னும் தள்ளும். வருஷத்துக்கு வருஷமும் மாறும், மார்ச் மாசம் வெதுவெதுன்னு போச்சுன்னா எல்லாமே முந்திக்கும். அதனால போறதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடி அந்தத் தோட்டத்தோட இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பாருங்க, வெப்சைட்ல இருக்குற போட்டோ வருஷம் பூரா ஒண்ணு தான், அதை நம்பிப் பிரயோஜனம் இல்ல, இன்ஸ்டால நேத்து எடுத்தது இருக்கும், அதுலயும் மத்தவங்க டேக் பண்ணிப் போட்டிருக்குற போட்டோ தான் இன்னும் உண்மையைச் சொல்லும்.

மஞ்சள் போர்டு: வீட்டுத் தோட்டத்துக்குள்ள போறது எப்படி

இது தான் நம்ம ஆளுங்க பல பேருக்குத் தெரியாத விஷயம். ஊருக்குள்ள காருல போகும்போது ஏப்ரல் மே மாசத்துல அங்கங்க மஞ்சள் கலர்ல அம்புக்குறி போட்ட போர்டு பாத்திருப்பீங்க. ஏதோ ரோடு வேலைன்னு நினைச்சு போயிருப்பீங்க. அது நேஷனல் கார்டன் ஸ்கீம். தனியார் வீட்டுக்காரங்க தங்களோட சொந்தத் தோட்டத்தை வருஷத்துல ஒண்ணு ரெண்டு நாள் பொதுமக்களுக்கு திறந்து விடுவாங்க, நீங்க கொடுக்குற நுழைவுக் காசு நர்சிங், கேன்சர் பராமரிப்பு அமைப்புகளுக்குப் போகும்.

ஆரம்பிச்சது 1927ல. அப்ப இலவச மருத்துவமெல்லாம் கிடையாது, வீடு வீடா போய் ஏழைகளைப் பாத்துக்குற நர்ஸுங்களுக்குப் பணம் திரட்டணும், எல்சி வாக்னு ஒரு அம்மா, இவ்வளவு நல்ல தோட்டமெல்லாம் சும்மா பூட்டிக் கிடக்கே, தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிட்டு திறந்து விட்டா என்னன்னு யோசனை சொன்னாங்க. அந்த முதல் வருஷமே 609 தோட்டம் திறந்து 8,000 பவுண்டுக்கு மேல வசூல். இன்னிக்கு இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து எல்லாம் சேத்து 3,000க்கு மேல தோட்டம் இதுல இருக்கு. ஸ்காட்லாந்துல இதே மாதிரி தனியா ஒரு ஸ்கீம் 1931லேர்ந்து நடக்குது.

எவன் வேணும்னாலும் புல்லை வெட்டிட்டு திறந்துட முடியாது. அந்தந்த கவுண்டிக்கு ஒரு தன்னார்வலர் குழு இருக்கு, அவங்க வந்து பாத்து, வர்றவங்க முக்கால் மணி நேரமாவது ரசிச்சு சுத்துற அளவுக்கு இதுல விஷயம் இருக்கான்னு பாத்து தான் சேப்பாங்க. அதனால நம்பிப் போகலாம். சின்னதா, வரிசையா ஒட்டிக் கட்டின டெரஸ் வீட்டுப் பின்பக்கம் இருக்கும், ஏக்கர் கணக்குல பண்ணை வீடும் இருக்கும், ரெண்டும் ஒரே லிஸ்ட்ல தான்.

தேடுறது சுலபம். அவங்க வெப்சைட்ல உங்க போஸ்ட்கோடு போட்டு, தேதியும் போட்டீங்கன்னா சுத்துவட்டாரத்துல அந்த வார இறுதில திறக்குறது எல்லாம் வரும். வருஷா வருஷம் ஒரு மஞ்சள் புத்தகமும் போடுறாங்க, கையில வெச்சு பேனாவால சுழிச்சு பிளான் பண்ணப் பிடிக்கிறவங்க வாங்கிக்கலாம், என் அபிப்பிராயத்துல போஸ்ட்கோடு தேடலே போதும். லிஸ்ட்டை படிக்கும்போது கவனிக்க வேண்டியது:

தேதிகூட மணியும் பாருங்க, நிறைய பேர் மத்தியானம் 1 மணி 2 மணிக்கு திறந்து 5 மணிக்கு மூடிடுவாங்க, காலைல 10 மணிக்குப் போய் கேட்டைத் தட்டினா அங்க ஒரு மனுஷர் பைஜாமால நிப்பாரு. வீல்சேர் அடையாளம் போட்டிருக்கான்னு பாருங்க. நாய் கூட்டிட்டு வரலாமா, டீ உண்டா, செடி விப்பாங்களா எல்லாத்துக்கும் சின்னச் சின்ன படம் போட்டிருக்கும். நம்ம வீட்டுப் பெரியவங்க நாயைக் கண்டா பயப்படுவாங்கன்னா நாய் படம் இல்லாத தோட்டமா பாத்து எடுங்க, இது ரொம்ப முக்கியம், மொத்த நாளும் இதுலயே போயிடும்.

ஒரு ஊரே சேந்து திறக்கிறதும் உண்டு, அது தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரே டிக்கெட், கையில ஒரு மேப்பு கொடுப்பாங்க, அந்த கிராமத்துல அஞ்சு வீடு எட்டு வீடுன்னு ஒண்ணு ஒண்ணா நடந்து போய்ப் பாக்கலாம், சர்ச் ஹால்ல டீ போட்டு வெச்சிருப்பாங்க. ஒரே மண்ணு, ஒரே மழை, ஆனா ஒருத்தர் வீட்ல காய்கறியா போட்டிருப்பாரு, பக்கத்து வீட்டம்மா கூழாங்கல்லும் புல்லுமா வெச்சிருப்பாங்க, அதுக்கடுத்த வீட்ல மூச்சு விட இடமில்லாம ரோஜா. முதல் தடவை போறவங்க இதுல ஆரம்பிங்க.

அப்பாயிண்ட்மெண்ட் வாங்கிட்டு மட்டும் போற தோட்டமும் நிறைய உண்டு. முன்னாடியே மெயில் போட்டு, நாங்க இத்தனை பேர் வர்றோம்னு கேட்டா ஒரு நாள் சொல்லுவாங்க. குறைஞ்சது இத்தனை பேர்னு ஒரு எண்ணிக்கை வெச்சிருப்பாங்க, நம்ம தமிழ்ச் சங்கம், ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பள்ளி பெற்றோர் குரூப் மாதிரி கூட்டத்துக்கு இது ரொம்ப வசதி, வீட்டுக்காரங்களே கூட நடந்து காட்டுவாங்க.

காசு பெரும்பாலும் தலைக்கு 5 பவுண்டிலேர்ந்து 10 பவுண்டுக்குள்ள இருக்கும், பிள்ளைங்களுக்கு நிறைய இடத்துல இலவசம். கார்டு மெஷின் இப்ப பல பேர் வெச்சிருக்காங்க, ஆனா கிராமத்துல சிக்னல் கிடைக்காது, கொஞ்சம் சில்லறை நோட்டு பையில போட்டுக்கோங்க. டீயும் கேக்கும் வாங்கினாலும் அந்தக் காசும் பெரும்பாலும் அதே நல்ல காரியத்துக்குத் தான் போகும், அதனால வீட்லேர்ந்து பிளாஸ்க் கொண்டு போனாலும் ஒரு கேக்காவது வாங்குங்க. முட்டை சாப்பிடாதவங்க இருந்தா கேட்டு வாங்குங்க, கேக்குல கண்டிப்பா இருக்கும், ஸ்கோன்ல மேல பூசுறதுக்காவது போட்டிருப்பாங்க.

வீட்டுக்காரங்க கூட எப்படி பேசறது

கேட்டுக்குப் பக்கத்துல ஒரு மடக்கு மேசை போட்டு உக்காந்திருக்குறது பெரும்பாலும் அந்த வீட்டுக்காரரோட தங்கச்சியோ பக்கத்து வீட்டுக்காரரோ தான், தோட்டத்துக்குச் சொந்தக்காரர் உள்ள ஏதாவது ஒரு பாத்தி ஓரமா நின்னுட்டு இருப்பாரு. போய்ப் பேசுங்க. இங்கிலீஷ்காரன் பேசமாட்டான்னு நாம நினைச்சிட்டு இருக்கோம், தோட்டத்தைப் பத்திக் கேட்டா விடவே மாட்டான். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலன்னா, இந்த வருஷம் உங்க துலிப்பை அணில் விட்டு வெச்சுதான்னு கேளுங்க, அணில் கிழங்கைத் தோண்டித் திங்கிறது இங்க எல்லாருக்கும் இருக்குற தீராத வயித்தெரிச்சல், அதுலேர்ந்து நத்தைக்குப் போய், அங்கேர்ந்து மழைக்குப் போய், பத்து நிமிஷத்துல இந்தச் செடியை எங்க வாங்கினேன், எந்த வருஷம் நட்டேன்னு முழு வரலாறும் வந்துடும். ஊர்ல நாங்க மல்லி, கனகாம்பரம் வளப்போம்னு அம்மா சொன்னா போதும், அந்த ரெண்டு பேரும் பாஷையே இல்லாம அரை மணி நேரம் பேசிடுவாங்க.

ஆனா ஒண்ணு, கிளம்புறதுக்கு முன்னாடியே வீட்ல சொல்லிடுங்க, பூ பறிக்கக் கூடாது. பூஜைக்கு ரெண்டு, தலையில வெச்சுக்க ஒண்ணு, கீழ விழுந்தது தானேன்னு ஒண்ணுன்னு எதுவும் வேண்டாம். நமக்கு அது பக்தி, அவங்களுக்கு அது ஆறு மாச உழைப்பு. விதையும் சொல்லாம எடுக்காதீங்க, கேட்டா அவங்களே கவர்ல போட்டுக் கொடுத்துடுவாங்க.

சின்னப் பசங்க இருந்தா இன்னொரு காரணமும் இருக்கு. இங்க அழகா இருக்குறதுல பாதி விஷம். டஃபோடில் கிழங்கும் தண்டும் விஷம், பூ விடறதுக்கு முன்னாடி பாத்தா வெங்காயத்தாள் கணக்கா இருக்கும். யூ மரம், ஃபாக்ஸ்குளோவ், லில்லி ஆஃப் த வேலி, லேபர்னம் காய், எல்லாமே வாயில போட்டா ஆஸ்பத்திரி தான். பசங்களை மிரட்ட வேண்டாம், கையை வாயில வைக்காதேன்னு மட்டும் சொல்லி வைங்க.

பேர் போன பழைய தோட்டங்கள்: எதுக்கு எப்ப

வீட்டுத் தோட்டம் ஒரு ரகம்னா சரித்திரத் தோட்டம் இன்னொரு ரகம், ஒரே நாள்ல காலைல ஒரு பெரிய தோட்டம், மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல பக்கத்துல திறந்திருக்குற ஒரு மஞ்சள் போர்டு வீடுன்னு ஜோடி சேத்துப் போறது தான் என்னோட வழக்கம். ஒரே நாள்ல ரெண்டு பெரிய தோட்டம் வேண்டாம், ரெண்டாவதுல கால் வலி மட்டும் தான் ஞாபகம் இருக்கும்.

கென்ட்ல சிஸ்ஸிங்ஹர்ஸ்ட். முதலாம் எலிசபெத் ராணி காலத்து மாளிகை ஒண்ணு இடிஞ்சு போய் குட்டிச்சுவரா கிடந்ததை 1930ல எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்டும் அவங்க வீட்டுக்காரர் ஹரால்ட் நிக்கல்சனும் வாங்கினாங்க. அவர் கோடு போட்டாரு, இவங்க செடி வெச்சாங்கன்னு சுருக்கமா சொல்லலாம், எங்க சுவர் எங்க பாதை எங்க திரும்பணும்ங்கிறது அவரோட கணக்கு, அந்தக் கட்டத்துக்குள்ள எதை எவ்வளவு அள்ளிப் போடணும்ங்கிறது இவங்களோட மனசு. 1938லயே ஒரு ஷில்லிங் வாங்கிட்டு ஜனங்களை உள்ள விட ஆரம்பிச்சாங்க, வந்தவங்களுக்கு வீட்டா வெச்ச செல்லப் பேரு ஷில்லிங்சஸ். 1967லேர்ந்து, பழைய மாளிகை, தோட்டமெல்லாம் பராமரிக்கிற நேஷனல் டிரஸ்ட் அமைப்போட கையில இருக்கு.

உலகம் பூரா பேர் வாங்கினது அங்க இருக்குற வெள்ளைத் தோட்டம், ஆனா அது ஜூன் கடைசி ஜூலைல தான் அதோட முழு அழகுல இருக்கும், ஏப்ரல்ல போய் எங்கடா வெள்ளைன்னு தேடாதீங்க. ஏப்ரல்ல பாக்க வேண்டியது லைம் வாக், அது ஹரால்ட் தன்னோட சொந்தப் பொறுப்புல வெச்சிருந்த வசந்தத் தோட்டம், ரெண்டு பக்கமும் கிளையை ஒண்ணோட ஒண்ணு கோத்து வளத்த மரம், கீழ துலிப், டஃபோடில், மஸ்காரின்னு நெருக்கமா. உள்ள போனதும் நேரா கோபுரத்துல ஏறுங்க, படி குறுகல் தான், முட்டி வலி இருக்குறவங்க கீழயே இருக்கட்டும், மேலேர்ந்து பாத்தா தான் இந்தத் தோட்டம் எப்படி ரூம் ரூமா பிரிச்சிருக்காங்கன்னு புரியும், அதுக்கப்புறம் கீழ இறங்கி நடந்தா ஒவ்வொரு வாசலும் ஏன் அங்க இருக்குன்னு தெரியும். ரயில்ல போனா ஸ்டேபிள்ஹர்ஸ்ட் ஸ்டேஷன், அங்கேர்ந்து டாக்ஸியோ பஸ்ஸோ பிடிக்கணும்.

அங்கேர்ந்து காருல அரை மணி நேரம் போல தெற்க போனா நார்தியம் கிராமத்துல கிரேட் டிக்ஸ்டர். என்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுன்னு கேட்டா இதைத் தான் சொல்லுவேன். 15ஆம் நூற்றாண்டு மர வீடு, 1910ல நத்தானியேல் லாய்ட் வாங்கி, எட்வின் லட்யன்ஸை வெச்சு விரிவாக்கிக் கட்டினாரு, ஆமா, நம்ம டெல்லி ராஷ்டிரபதி பவனைக் கட்டின அதே லட்யன்ஸ் தான். அந்த வீட்லயே 1921ல பொறந்த நத்தானியேலோட பையன் கிறிஸ்டோபர் லாய்ட், 2006ல சாகுற வரைக்கும் அந்தத் தோட்டத்துல கை வைக்காத நாளே இல்லன்னு சொல்லலாம். மனுஷன் துணிச்சல்காரர், லட்யன்ஸ் காலத்து ரோஜாத் தோட்டத்தை 1990கள்ல பிடுங்கி எறிஞ்சுட்டு வாழையும் கன்னாவும் நட்டாரு, இங்கிலாந்துல ரோஜாவைப் பிடுங்கிட்டு வாழை நடறதுன்னா எவ்வளவு பேர் திட்டியிருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க. இப்ப ஃபெர்கஸ் காரெட் பாத்துக்குறாரு, அதே துணிச்சல்.

ஏப்ரல் கடைசில அந்த வீட்டு வாசல்ல தொட்டி தொட்டியா துலிப் அடுக்கி வெச்சிருப்பாங்க பாருங்க, ஆரஞ்சும் ஊதாவும் இளஞ்சிவப்பும் பக்கத்துல பக்கத்துல, ஒத்துப் போகாத கலர்னு நாம சொல்றதையெல்லாம் சேத்து வெச்சிருப்பாங்க, ஆனா நம்ம ஊர்ல பட்டுப் புடவை எடுக்குறவங்களுக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல, அம்மாவுக்கு உடனே புரிஞ்சுடும். சுத்தியிருக்குற புல்வெளில ஏப்ரல்ல ஃபிரிட்டில்லரின்னு கட்டம் போட்ட ஊதாப் பூ தலையைக் கவுத்துக்கிட்டு நிக்கும், மே கடைசில காட்டு ஆர்கிட் வரும், அதனால வெட்டின பாதையை விட்டுக் கால் வைக்காதீங்க. திங்கக்கிழமை பெரும்பாலும் லீவு, பாத்துட்டுப் போங்க.

வில்ட்ஷயர்ல ஸ்டூர்ஹெட் வேற மாதிரி, அங்க பாத்தியே கிடையாது. பேங்க் நடத்தின ஹென்றி ஹோர் 1740கள்ல ஆரம்பிச்சு, பள்ளத்தாக்கை அணை போட்டு ஏரியாக்கி, சுத்தி கோயிலும் பாலமும் குகையும் கட்டி, நடந்து போகப் போக ஒவ்வொரு காட்சியா திறக்குற மாதிரி அமைச்சாரு. பழைய வழக்கப்படி ஏரியை இடது கைப் பக்கம் வெச்சு இடஞ்சுழியா சுத்துங்க, அப்பத்தான் அவர் நினைச்ச வரிசைல காட்சி வரும். மே மாசம் ரோடோடெண்ட்ரான் தண்ணில சிவப்பா விழுந்து கிடக்கும், எல்லாரும் அதுக்குத் தான் போறாங்க, ஆனா அது ஹோர் வெச்சது இல்ல, அவர் காலத்துல எல்லாம் பச்சை மேல பச்சை தான், ரோடோடெண்ட்ரான் அவருக்கப்புறம் பேரன் காலத்துலேர்ந்து வந்தது. சில பேர் அதைக் கெடுத்துட்டாங்கன்னு கூட சொல்லுவாங்க, நான் அந்தக் கட்சி இல்ல, ஆனா ஏப்ரல் ஆரம்பத்துல கூட்டமில்லாம பச்சையை மட்டும் பாக்குறதும் ஒரு சுகம்.

ரோடோடெண்ட்ரான்னு சொன்னதும் இன்னொண்ணு. இங்க பாக்குற பல வகை இமயமலைலேர்ந்து வந்தது, தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1848லேர்ந்து சிக்கிம் பக்கம் சுத்தி விதை அனுப்பினதுக்கப்புறம் தான் பணக்காரங்க எல்லாம் போட்டி போட்டு நட்டாங்க. நீலகிரியிலயும் ஒரு ரோடோடெண்ட்ரான் உண்டு, முகுர்த்தி பக்கம் சோலை ஓரமா சிவப்பா பூக்கும். ஊட்டி பொட்டானிக்கல் கார்டனை உருவாக்கின மெக்கைவரும் லண்டன் கியூ தோட்டத்துல பழகின ஆளு தான். அதனால அப்பா, ஏன்டா இது ஊட்டில பாத்த மாதிரியே இருக்கேன்னு சொன்னாருன்னா, அவர் சொல்றது சரி.

வடக்கு வேல்ஸ் பக்கம் போறவங்க மே கடைசி ஜூன் ஆரம்பத்துல போட்நன்ட் தோட்டத்துல லேபர்னம் வளைவைப் பாத்துடுங்க, 55 மீட்டர் நீளத்துக்கு ஒரு பந்தல், 1880 வாக்குல போட்டது, தலைக்கு மேல மஞ்சள் சரம் சரமா தொங்கும், செடி வேற, ஆனா பாக்க நம்ம சரக்கொன்றை மாதிரியே இருக்கும்.

கார் இல்லாதவங்களுக்கு

லண்டன்லயே ரிச்மண்ட் பார்க்குக்குள்ள இசபெல்லா பிளான்டேஷன் இருக்கு, 40 ஏக்கர், இலவசம். ஏப்ரல் கடைசி மே முதல் வாரத்துல ஓடைக்கு ரெண்டு பக்கமும் அசேலியா பூத்து நிக்கும். வார நாள்ல காலைல போங்க, சனி ஞாயிறு மத்தியானம் கல்யாணக் கூட்டம். பார்க்ல மான் இருக்கும், 50 மீட்டர் தள்ளியே நில்லுங்க, ரொட்டி போடாதீங்க, மே ஜூன்ல குட்டி போடுற நேரம்.

கியூ தோட்டம் எல்லாருக்கும் தெரியும், 1759லேர்ந்து இருக்கு. ஆன்லைன்ல முன்னாடியே போட்டா டிக்கெட் விலை குறையும். எல்லாரும் கண்ணாடி வீட்டுக்குள்ளயே நின்னுட்டு திரும்பிடறாங்க, நீங்க தென்மேற்கு மூலைல குயின் சார்லட் காட்டேஜ் வரைக்கும் நடங்க, மே ஆரம்பத்துல அந்த மரத்துக்கு அடியில புளூபெல். பூரா நீலம், ஒரு ஆள் கூட இருக்க மாட்டாங்க, இருந்தாலும் பேசாம நிப்பாங்க.

புளூபெல் எங்க பாத்தாலும் பாதையை விட்டு இறங்காதீங்க. போட்டோவுக்காக நடுவுல உக்காருறாங்க, அந்த இலை நசுங்கினா கிழங்குக்குச் சாப்பாடு போகாது, திரும்ப வர வருஷக்கணக்காகும். பாதை வளைவுல நின்னு போனைத் தாழ்த்திப் பிடிச்சு எடுத்தா நடுவுல உக்காந்த மாதிரியே வரும்.

நீராவி ரயில் பிடிக்கிற பசங்க இருந்தா ஈஸ்ட் கிரின்ஸ்டெட் வரைக்கும் சாதா ரயில்ல போய், அங்கேர்ந்து புளூபெல் ரயில்வேல ஏறி ஷெஃபீல்ட் பார்க் ஸ்டேஷன்ல இறங்குங்க, கொஞ்ச தூரத்துல நேஷனல் டிரஸ்டோட ஷெஃபீல்ட் பார்க் தோட்டம், வரிசையா ஏரி, மே மாசம் கரை பூரா அசேலியா. ரயில் எல்லா நாளும் ஓடாது, கால அட்டவணை பாத்துக்கோங்க.

காசு கணக்கு, செருப்பு, மாத்திரை

அம்மா அப்பா மூணு மாசம் ஆறு மாசம் இருக்கப் போறாங்கன்னா நேஷனல் டிரஸ்ட் மெம்பர்ஷிப் போடலாம், நாலஞ்சு இடம் போனாலே காசு வந்துடும், அவங்களோட பெரும்பாலான கார் பார்க்கும் இலவசம். தனியார் கையில இருக்குற பழைய மாளிகை தான் பிடிக்கும்னா ஹிஸ்டாரிக் ஹவுசஸ்னு வேற ஒரு மெம்பர்ஷிப் இருக்கு. வருஷத்துக்கு ரெண்டு தடவை தான் போவேன்னா எதுவும் வேண்டாம், மஞ்சள் போர்டு போதும்.

மே மாசத்துல ரெண்டு திங்கக்கிழமை பேங்க் ஹாலிடே, அன்னிக்கு பெரிய தோட்டத்துப் பக்கமே போகாதீங்க, பார்க்கிங்லயே பாதி நாள் போயிடும். அந்த நாளுக்கு கிராமத் தோட்டம் தான் சரி. மத்த நாள்ல திறந்த உடனே போங்க, இல்ல 3 மணிக்கு மேல போங்க, சாயங்கால வெளிச்சம் நல்லாவும் இருக்கும், இருட்ட இன்னும் ரொம்ப நேரம் இருக்கும். மேகமூட்டமா இருந்தா சோர்ந்து போகாதீங்க, அந்த வெளிச்சத்துல தான் பூவோட கலர் போட்டோல சரியா விழும்.

காலுக்கு ஷூ. சேலை கட்டினாலும் ஷூ தான், செருப்பு வேண்டாம், புல்லு காலைல நனைஞ்சே இருக்கும், கல்லுப் பாதையில செருப்பு வழுக்கும். ஏப்ரல் வெயிலை நம்பி ஸ்வெட்டரை விட்டுட்டு வராதீங்க, ஒரே மணி நேரத்துல வெயில், மழை, சில சமயம் ஆலங்கட்டி கூட வரும். மகரந்த ஒவ்வாமை இருக்குறவங்க ஒரு மாத்திரை போட்டுட்டு கிளம்புங்க, மே நடு வரைக்கும் பிர்ச் மரம், அதுக்கப்புறம் புல்லு, ரெண்டுல ஒண்ணு மூக்கைப் பிடிச்சுடும், ஊர்லேர்ந்து புதுசா வர்றவங்களுக்குத் தும்மல் வந்தா சளின்னு நினைச்சுடாதீங்க.

சாப்பாடு விஷயம், புளியோதரை கட்டிட்டுப் போறதுல தப்பே இல்ல, ஆனா தோட்டத்துக்குள்ள விரிச்சு உக்காரலாமான்னு கேட்டுக்கோங்க, பெரிய இடத்துல கார் பார்க் பக்கம் பிக்னிக் மேசை போட்டிருப்பாங்க, வீட்டுத் தோட்டத்துல உள்ள வேண்டாம்.

கடைசியா செடி மேசை. வீட்டுத் தோட்டத்துல வாசல் பக்கம் சின்னச் சின்னத் தொட்டியில செடி வெச்சு விப்பாங்க, அவங்களே வளத்தது, கடையை விட விலை கம்மி, அதே மண்ணுல அதே குளிர்ல வளந்ததால உங்க வீட்லயும் பிடிச்சுக்கும். உள்ள போறப்பவே வாங்கி ஓரமா வெச்சுட்டுப் போங்க, வெளிய வரும்போது நல்லதெல்லாம் போயிருக்கும். கார் டிக்கில ஒரு அட்டைப் பெட்டி போட்டு வெச்சுக்கோங்க, மண்ணு கொட்டாது. ஆனா அம்மா அதை ஊருக்கு எடுத்துட்டுப் போறேன்னு சூட்கேஸ்ல வெக்கப் பாத்தா தடுத்துடுங்க, செடி, கிழங்கு, விதை எதுவா இருந்தாலும் தாவர சுகாதாரச் சான்றிதழ் இல்லாம இந்தியாவுக்குள்ள கொண்டு போக முடியாது, சென்னை ஏர்போர்ட்ல பிடுங்கி வெச்சுடுவாங்க.